ஜூல்ஸ் வெர்ன்

கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து, நம் நாட்டை ஒருமுறையேனும் கண்ணாற் காணாத ஒருவர், தாம் படைத்த கதைத் தலைவருள் தலைசிறந்தவனை இந்தியனாகப் படைத்தார். சிறுவரும் இளைஞரும் படித்து மகிழ்வதற்கென அறிவியற் புதினங்களை எழுதி உலகப் புகழ் எய்திய ஜூல்ஸ் வெர்ன் என்பவரே அவர். நீர்மூழ்கிக் கப்பலில் அமர்ந்து கடல்களையெல்லாம் சுற்றிவந்த நெமோ என்னும் மாலுமித் தலைவனைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அவன் பிறந்த நாடு எது என அறிந்தோர் சிலரே. அந்நாடு அவனுக்கு எவ்வாறு வாய்த்தது என்பது அவ்வாசிரியரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கும் செய்தியாகும்.

வெர்ன் 1828ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள நாந்து என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அந்நகர் லோவார் ஆற்றின் கரையில் அமைந்தது. அவர் பிறந்த வீடு, ஆற்றின் கிளைகள் சூழ்ந்து தீவுபோல் விளங்கிய ஒரு பகுதியில் இருந்தது. பின்னாளில் அக்கிளைகள் தூர்க்கப்பட்டுத் தெருக்களாயின. அவர் சிறுவராய் இருந்த நாளிலோ, பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்து நிற்பதும், தொலை நாடுகளிலிருந்து வந்த பண்டங்கள் துறையில் இறக்கப்படுவதும் அன்றாடக் காட்சிகளாய் இருந்தன. தந்தையார் பியேர் வெர்ன் வழக்குரைஞர். தாயார் சோஃபி, மாலுமிகளும் கப்பல் உடைமையாளரும் தோன்றிய குடியில் வந்தவர். மக்கள் ஐவருள் மூத்தவர் ஜூல்ஸ். அவருக்கு அடுத்தவர் போல் என்னும் தம்பியார். அவர் பின்னர்க் கடற்படையிற் சேர்ந்து பணியாற்றினார்.

ஜூல்ஸுக்கு எழுத்தறிவித்த அம்மையார் ஒரு கப்பல் தலைவரின் மனைவியார். அவருடைய கணவர் கடற்செலவு சென்று பல ஆண்டுகளாகியும் மீண்டாரில்லை. அவர் எங்கோ ஆளில்லாத் தீவில் ஒதுங்கி உயிரோடு இருக்கிறார் என்றும், என்றேனும் ஒருநாள் திரும்பி வருவார் என்றும் அவ்வம்மையார் நம்பியிருந்தார். தம்மிடம் படிக்க வந்த சிறுவர்களுக்கும் அதனைக் கூறுவதுண்டு. மணலில் எழுதிப் பழகும் பருவத்தில் இத்தகைய செய்தி செவியில் விழுந்தால் அது எளிதில் நீங்குமோ? பதினொரு வயதில் அவர் வீட்டாருக்குத் தெரியாமல் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் செல்லும் கப்பலொன்றில் ஏறினார் என்றும், தந்தையார் விரைந்து சென்று அவரை மீட்டு வந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. குடும்பத்தார் வழியே வந்த அக்கதையை ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஐயுறுவதற்கு இடமில்லாதது அவருடைய கடல் வேட்கை ஒன்றே.

மூத்த மகன் சட்டம் பயின்று தம் அலுவலகத்தை ஏற்று நடத்தவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதற்கிணங்க வெர்ன் பாரிசு நகருக்குச் சென்று சட்டக் கல்வி பயின்று தேறினார். ஆயினும், அவர் உள்ளம் நாடக அரங்குகளையே நாடிச் சென்றது. புகழ்பெற்ற எழுத்தாளராகிய அலெக்சாந்தர் தூமாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. 1850ஆம் ஆண்டில் தூமாவுக்குரிய அரங்கில் வெர்ன் எழுதிய சிறு நாடகம் ஒன்று நடிக்கப் பெற்றது. 1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் அலுவலகத்தை ஏற்குமாறு தந்தையார் அழைத்தபோது, அவர் பணிவோடு மறுத்துவிட்டார். அதன்பின் வறுமை அவரைப் பற்றியது. நாடக மன்றம் ஒன்றில் செயலாளராக உழைத்தார். வார, திங்கள் இதழ்களுக்குக் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். பொழுது கிடைத்த போதெல்லாம் பாரிசின் தேசிய நூலகத்தில் அமர்ந்து நிலநூல், வானநூல், இயந்திரநூல் ஆகியவற்றைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1857ஆம் ஆண்டில் ஒனோரின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவ்வம்மையாருக்கு முன்னரே இரு பெண் மக்கள் இருந்தனர். குடும்பத்தைக் காக்கும் பொருட்டு வெர்ன் பங்குச் சந்தையில் தரகராக அமர்ந்தார். அங்கும் அவர் விடியற்காலையில் எழுந்து எழுதிவிட்டே வேலைக்குச் சென்றார்.

அக்காலத்தில் வானக்கூண்டு என்னும் பலூன் பலருடைய கருத்தையும் கவர்ந்திருந்தது. வெர்னின் நண்பராகிய நதார் என்னும் ஒளிப்படக் கலைஞர் மிகப் பெரிய வானக்கூண்டு ஒன்றைச் செய்வித்து 1863ஆம் ஆண்டில் பறக்கவிட்டார். வெர்ன் அதே ஆண்டின் தொடக்கத்தில், வானக்கூண்டில் ஐந்து வாரம் என்னும் தம் முதற்புதினத்தை வெளியிட்டார். மூவர் வானக்கூண்டில் ஏறி, சான்சிபார் தீவிலிருந்து ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து மேற்கே செல்வதே அதன் கதை. அன்று ஆசிரியர் ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததில்லை. எல்லாம் நூலகத்தில் கற்றவையே. வானக்கூண்டின் துணி, லியோன் நகரத்தில் நெய்யப்பட்ட பட்டு என்றும், வாயு கசியாதிருக்க அதன்மேல் ஒருவகை மரப்பிசின் பூசப்பட்டது என்றும் அவர் நுணுக்கமாக எழுதியுள்ளார். தறியோசை கேட்டு வளரும் எம் ஊராகிய இளம்பிள்ளையில் இப்பகுதியைப் படித்துக் காட்டினால், நெசவு அறியாத ஊரார் கேட்கத் தோன்றாத வினாக்களைப் பிள்ளைகள் கேட்பர். பாவில் எத்தனை இழை, துணி எத்தனை முழம், தைத்த இடத்தில் காற்று எவ்வாறு கசியாது நிற்கும் என்றெல்லாம் கேட்பர். வெர்ன் விரும்பியதும் இத்தகைய வினாக்களையே. கதையைப் படிக்கும் சிறுவன், இது நடக்கக் கூடியதுதானா என்று கணக்கிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து.

அப்புதினத்தை ஏற்று வெளியிட்டவர் பியேர் ஜூல்ஸ் எட்செல் என்னும் பதிப்பாளர். குடியரசுக் கொள்கையுடைய அவர் 1851ஆம் ஆண்டின் அரசியல் புரட்டுக்குப்பின் சில ஆண்டுகள் பெல்ஜியத்தில் ஒதுங்கி வாழ்ந்தவர். இளைஞருக்கு அறிவும் மகிழ்ச்சியும் ஒருங்கே தரும் இதழ் ஒன்றை அவர் 1864ஆம் ஆண்டில் தொடங்கினார். வெர்னின் புதினங்கள் பல அவ்விதழில் தொடர்கதைகளாக வெளிவந்து, பின்னர் அழகிய படங்களோடு நூல்களாயின. ஆண்டுதோறும் இத்தனை நூல் என்று ஒப்பந்தம் ஏற்பட்டதனால், வெர்ன் தரகுத் தொழிலை விட்டார். நிலவுலகின் நடுவிடத்திற்குச் செல்லும் கதை 1864ஆம் ஆண்டிலும், நிலவுக்குச் செல்லும் கதை 1865ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நிலவுக் கதையில் மூவர் அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியிலிருந்து புறப்படுகின்றனர். அதன் தொடர்ச்சியில் நிலவைச் சுற்றி மீண்டு பசிபிக் கடலில் விழுகின்றனர். 1968ஆம் ஆண்டில் அப்பல்லோ 8 என்னும் விண்கலத்தில் மூவர் புளோரிடாவிலிருந்தே புறப்பட்டு, நிலவை வலம் வந்து, பசிபிக் கடலிலேயே இறங்கினர். வெர்ன் அம்மூவரையும் பெரும் பீரங்கியில் வைத்துச் சுட்டு அனுப்புகிறார். உண்மையில் அவ்வாறு செய்திருப்பின் புறப்பட்ட நொடியிலேயே உடல் நசுங்கி மாண்டிருப்பர். கதையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதனைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் ஒரு கல்வியே.

1865ஆம் ஆண்டில், ஜார்ஜ் சாந்து என்னும் புனைபெயர் பூண்ட நாவலாசிரியையார் வெர்னுக்கு மடல் எழுதி, கடலின் அடியிலும் கதை மாந்தரைக் கொண்டு செல்லுமாறு வேண்டினார். வெர்ன் அப்போது கடற்கரைச் சிற்றூராகிய லெ குரோத்துவாவில் பழைய மீன்படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்து, அதன் அறையையே எழுதும் இடமாகக் கொண்டிருந்தார். 1867ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நீர்மூழ்கிக் கலம் ஒன்றன் மாதிரி வடிவம் வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் தம்பியார் போலுடன், அந்நாளின் மிகப் பெரிய கப்பலாகிய கிரேட் ஈஸ்டர்னில் ஏறி அமெரிக்காவுக்குச் சென்று வந்தார். இவையெல்லாம் சேர்ந்து உருவாயிற்று, கடலடியில் இருபதாயிரம் லீக் என்னும் புதினம். அது 1869ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 1870ஆம் ஆண்டு சூன் வரை தொடர்கதையாக வெளிவந்தது. இருபதாயிரம் லீக் என்பதைக் கடலின் ஆழம் என மயங்குவோர் உளர். பிரெஞ்சு லீக் ஒன்று நான்கு கிலோமீட்டர் ஆதலின், அது 80,000 கிலோமீட்டர் ஆகும். உலகத்தை இருமுறை சுற்றும் தொலைவு. நிலவுலகின் குறுக்களவே 13,000 கிலோமீட்டருக்குக் குறைவு என்பதனை எண்ணினால் மயக்கம் நீங்கும்.

நெமோ என்பது இலத்தீன் மொழியில் யாருமல்லன் எனப் பொருள்படும். தன் நாட்டையும் பெயரையும் மறைத்து வாழும் அத்தலைவன், எழுபது மீட்டர் நீளமுள்ள நாட்டிலஸ் என்னும் கலத்தில், கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த சோடியத்தின் துணையால் மின்னாற்றல் உண்டாக்கிக் கடலடியில் உலவுகிறான். அவன் யார்? ஆசிரியர் தம் முதற்கருத்தில் அவனைப் போலந்து நாட்டுப் பெருமகனாக எண்ணியிருந்தார். 1863ஆம் ஆண்டில் போலந்து மக்கள் உருசியப் பேரரசை எதிர்த்து எழுந்தனர். எழுச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. குடும்பத்தை இழந்து பழிவாங்கக் கடல் புகுந்தவன் நெமோ என்பது அவர் வகுத்த கதை. பதிப்பாளர் எட்செல் இதற்கு உடன்படவில்லை. உருசிய நாட்டில் அந்நூல்கள் மிகுதியாக விலையாயின. அரசின் சினத்திற்கு ஆளானால் விற்பனை தடைப்படும். அடிமை வாணிகத்தை எதிர்ப்பவனாக அவனை ஆக்கலாம் என எட்செல் கூறியதை வெர்ன் ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே மடல்கள் பல சென்றன. முடிவில், நெமோவின் நாடு இன்னதெனக் கூறாமலே நூல் வெளியிடப்பட்டது. பதிப்பாளர் வணிகம் நோக்கினார் என அவரைப் பழித்துவிடுதல் எளிது. ஆயினும், நாடு குறிக்கப்படாமையே நெமோவை எல்லா நாட்டு இளைஞருக்கும் உரியவன் ஆக்கிற்று என்பதும் உண்மை.

எனினும், அந்நூலிலேயே ஒரு குறிப்பு ஒளிந்து கிடக்கிறது. நாட்டிலஸ் இந்தியக் கடலைக் கடந்து இலங்கையின் கரையை அடைகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளை விருந்தினருக்குக் காட்ட நெமோ அவர்களை நீருள் அழைத்துச் செல்கிறான். அங்கே வறியவனாகிய ஓர் இந்தியன், காலில் கல்லைக் கட்டி மூழ்கி, கிடைத்த சிப்பிகளை வாரிக்கொண்டு எழுவதும் மீண்டும் மூழ்குவதுமாய் இருக்கிறான். கொற்கைத் துறையின் பெருமையைப் பழைய நூல்களிற் படித்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. சிலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு, தமிழர் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்து நடத்திய தொழில். அவ்வேளையில் சுறாமீன் ஒன்று அவனைத் தாக்க வருகிறது. நெமோ ஒரு கணமும் தயங்காமல் குத்துவாளை ஏந்திச் சுறாவின்மேற் பாய்கிறான். தன் உயிரும் போகும் நிலையில், உடன் வந்த நெட் லாந்து எறிந்த ஈட்டி அவனைக் காக்கிறது. மயங்கிக் கிடந்த மீனவனைத் தெளிவித்து, அவன் கையில் ஒரு பை நிறைய முத்துகளை வைத்துவிட்டு நெமோ திரும்புகிறான். மனித இனத்தையே வெறுத்து ஒதுங்கியவன் இவ்வாறு செய்ததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, அம்மீனவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன் என்றும், தானும் அந்நாட்டைச் சேர்ந்தவனே என்றும் பொருள்படக் கூறுகிறான். அந்தப் புதினம் முழுவதிலும் நெமோவின் குரல் தழுதழுப்பது அரிது, அவ்விடத்தில் தழுதழுக்கிறது.

மறைபொருளாய் இருந்த இச்செய்தி, 1874 முதல் 1875 வரை தொடராக வெளிவந்த மருமத் தீவு என்னும் புதினத்தில் வெளிப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறையிலிருந்து வானக்கூண்டில் தப்பிய ஐவர் ஆளில்லாத் தீவில் வீழ்கின்றனர். இடுக்கண் நேருந்தோறும் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அவர்களைக் காக்கிறார். அவரே முதுமை எய்திய நெமோ. இறக்கும் தறுவாயில் அவன் தன் வரலாற்றைக் கூறுகிறான். அவன் இயற்பெயர் தக்கார். புந்தேல்கண்டு நாட்டு அரசனின் மகன். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறையினன். பத்து வயதில் ஐரோப்பா சென்று கல்வி பயின்று, 1849ஆம் ஆண்டில் நாடு திரும்பியவன். 1857ஆம் ஆண்டில் ஆங்கிலேயரை எதிர்த்து மக்கள் எழுந்தபோது முன்னணியில் நின்று பொருது, பத்து முறை புண்பட்டவன். மனைவியையும் மக்களையும் இழந்தபின், எஞ்சிய தோழர் இருபதின்மருடன் நாட்டிலஸைக் கட்டிக் கடல் புகுந்தவன்.

வரலாற்றுக் கண்கொண்டு பார்த்தால் இதில் பொருந்தாதன சில உள. புந்தேல்கண்டின் இந்து அரசமரபுக்கும் மைசூர் மன்னருக்கும் உறவு காண்பது அரிது. திப்பு 1799ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மாண்டவர். கதையின் கணக்குப்படி தக்கார் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப்பின் பிறந்தவனாகிறான். இரண்டு புதினங்களின் ஆண்டுக் கணக்கும் தம்முள் ஒவ்வா. ஆயினும், திப்பு ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடியவர். அவர் பெயர் பிரான்சில் வீரத்தின் அடையாளமாக வழங்கியது. 1792ஆம் ஆண்டு வரை சேலம் சீமையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டே இருந்தது. இளம்பிள்ளையிலிருந்து தென்மேற்கே சென்றால் காணப்படும் சங்ககிரி மலைக்கோட்டை அவர் படை தங்கிய கோட்டைகளுள் ஒன்று. பிரெஞ்சுச் சிறுவன் ஒருவன் நெமோவின் மரணத்தைப் படித்துக் கண்ணீர் விட்டபோது, அவன் அறியாமலே நம் பக்கத்து மண்ணின் பெயரொன்றும் அவன் நெஞ்சிற் பதிந்தது.

நமக்கு அவ்வாறு பதிய நெடுங்காலம் ஆயிற்று. நம் நாட்டார் வெர்னின் நூல்களைப் பெரும்பாலும் ஆங்கில வாயிலாகவே படித்தனர். மருமத் தீவின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூலம் வெளிவந்த உடனேயே தோன்றியது. ஆனால், ஆங்கிலேயர் ஆட்சியைக் கடியும் தக்காரின் வரலாற்றுப் பகுதி அதில் திரித்தும் மென்மையாக்கியும் எழுதப்பட்டது. பிற புதினங்களிலும் நீண்ட பகுதிகள் நீக்கப்பட்டன. ஆதலின், பள்ளி நூலகங்களில் பழைய ஆங்கிலப் பதிப்புகளைப் படித்த நம் முன்னோர், நெமோவின் குரலை முழுமையாகக் கேட்டாரில்லை.

வெர்ன் யாண்டும் நடுவுநிலை பிறழாதவர் எனக் கூறவியலாது. ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய அவர் எழுத்தில் அக்கால ஐரோப்பியரின் இறுமாப்புக் காணப்படுகிறது. 1872ஆம் ஆண்டில் வெளிவந்த எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையில், பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் புகைவண்டிப் பாதை இடையில் முடிவுறாதிருப்பதாகவும், பயணிகள் யானைமீது ஏறிக் காடு கடப்பதாகவும், உடன்கட்டை ஏற்றப்படவிருந்த பெண்ணை மீட்பதாகவும் எழுதினார். உண்மையில் அப்பாதை 1870ஆம் ஆண்டிலேயே இணைக்கப்பட்டுவிட்டது. உடன்கட்டை ஏறுதலும் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே சட்டத்தால் தடுக்கப்பட்டது. எனினும், அக்கதையின் விறுவிறுப்பிற்கு ஈடில்லை. 1889ஆம் ஆண்டில் நெல்லி பிளை என்னும் அமெரிக்கப் பெண் செய்தியாளர் அக்கணக்கை வெல்ல எண்ணிப் புறப்பட்டு, வழியில் வெர்னையும் கண்டு, கொழும்புத் துறையையும் கடந்து, 72 நாளில் உலகைச் சுற்றி முடித்தார்.

1871ஆம் ஆண்டு முதல் வெர்ன், மனைவியாரின் ஊராகிய அமியேன் நகரில் குடியேறி வாழ்ந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து முற்பகல் வரை எழுதுவார். பின்னர்ப் பொது நூலகம் சென்று செய்தித்தாள்களையும் அறிவியல் இதழ்களையும் படித்துக் குறிப்பெடுப்பார். அவர் தொகுத்த குறிப்புகள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை. ஐம்பதுக்கு மேற்பட்ட புதினங்கள் அவர் காலத்திலேயே வெளிவந்தன. இல்வாழ்க்கையிலோ அமைதி குறைவு. 1861ஆம் ஆண்டில் பிறந்த ஒரே மகன் மிஷேல் அடங்காத இயல்பினன். சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்தும் பயனின்மையால், தந்தையார் 1878ஆம் ஆண்டில் அவனை இந்தியா நோக்கிச் சென்ற வணிகக் கப்பலொன்றில் ஏற்றி அனுப்பினார். உலகிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கடற்கதை கூறி மகிழ்வித்தவருக்குத் தம் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பியது தண்டனையாகவே நேர்ந்தது. காலப்போக்கில் இருவரும் ஒன்றுபட்டனர். மகன் தந்தையாரின் எழுத்துப் பணிக்கும் துணையாயினார்.

1886ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்துன்பம் நேர்ந்தது. மனநலம் குன்றியிருந்த தம்பி மகன் கஸ்தோன் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டான். ஒரு குண்டு இடக்காலிற் பாய்ந்து, வாழ்நாள் முழுதும் அவரை நொண்டச் செய்தது. அதே திங்களில் எட்செல் மறைந்தார். கடற்செலவுகளுக்குப் பயன்பட்ட நீராவிப் படகையும் விற்றுவிட்டார். 1888ஆம் ஆண்டில் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் அந்நகரின் நாடக மன்றம், கல்வி ஆகியவற்றிற்காக உழைத்தார். நீரிழிவும் கண்படலமும் வருத்திய போதும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பிரெஞ்சு இலக்கியப் பேரவை அவரை உறுப்பினராக ஏற்கவே இல்லை. சிறுவர்க்கு எழுதுபவர் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்பர். 1905ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், தம் எழுபத்தேழாம் அகவையில் அமியேனில் மறைந்தார்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்கர் அணுவாற்றலால் இயங்கும் முதல் நீர்மூழ்கிக் கப்பலை நீரில் இறக்கி, அதற்கு நாட்டிலஸ் என்றே பெயரிட்டனர். 1958ஆம் ஆண்டில் அது வடமுனையின் பனிக்கட்டிக்கு அடியே சென்று மீண்டது. வெர்ன் 1863ஆம் ஆண்டில் எழுதி, எவரும் நம்பமாட்டார் என எட்செல் திருப்பித் தந்த புதினம் ஒன்றும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பாரிசைப் பற்றிய அந்தக் கையெழுத்துப் படி, 1989ஆம் ஆண்டில் அவருடைய கொள்ளுப்பேரரால் பழைய இரும்புப் பெட்டியொன்றில் கண்டெடுக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டில் முதன்முறையாக அச்சேறியது.